தி ஜெனரல்: பட்டாளம் வேண்டாமென்று அனுப்பிய எஞ்சின் டிரைவரின் கதை

வீட்டில் எல்லா வயதினரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சிரிக்கக்கூடிய படங்கள் குறைவு. பஸ்டர் கீட்டன் நடித்து, க்ளைட் ப்ரக்மனோடு சேர்ந்து இயக்கிய ‘தி ஜெனரல்’ அந்தச் சில படங்களில் ஒன்று. 1926இல் எடுத்த பேசாப்படம். கறுப்பு வெள்ளை. பதிப்பைப் பொறுத்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் ஓடும். வசனம் இல்லாததால் மொழி ஒரு தடையே இல்லை. கதையும் சிறியது. பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளப்படாத ஓர் எஞ்சின் டிரைவர், எதிரிகள் திருடிக்கொண்டு போன தன் எஞ்சினைத் தனி ஆளாகத் துரத்திப் போய் மீட்டு வருகிறான். போவது ஒரு துரத்தல், வருவது ஒரு துரத்தல். அவ்வளவுதான் படம்.

கதை நடப்பது வடக்கு மாநிலங்களும் தெற்கு மாநிலங்களும் மோதிக்கொண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், தெற்கைச் சேர்ந்த ஜார்ஜியா மாநிலத்தின் மேரியட்டா ஊரில். நாயகன் ஜானி க்ரே. அவனுக்கு இரண்டு காதல்கள்: ஒன்று அவன் ஓட்டும் ‘ஜெனரல்’ என்ற நீராவி எஞ்சின், மற்றது அனபெல் லீ என்ற பெண். மரியன் மேக் நடித்த அந்தப் பெண்ணுக்கு ஜானி பரிசாகக் கொடுப்பது தன் புகைப்படம். அதில் அவனுக்குப் பின்னால் எஞ்சின் நிற்கிறது. போர் மூண்ட செய்தி வந்ததும் அவளுடைய அப்பாவும் அண்ணனும் பட்டாளத்தில் சேரக் கிளம்புகிறார்கள். ஜானி அவர்களுக்கு முன்னால் ஓடிப்போய் வரிசையில் முதல் ஆளாக நிற்கிறான். தொழில் என்ன என்று கேட்கிறார்கள். எஞ்சின் டிரைவர் என்கிறான். அவனைச் சேர்க்கவில்லை. போர்க்காலத்தில் ரயில் ஓட்டத் தெரிந்தவன் துப்பாக்கி தூக்குவதைவிட ரயிலில் இருப்பதே தங்களுக்கு லாபம் என்று அதிகாரிகள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கிறார்கள். அந்தக் காரணத்தை மட்டும் அவனிடம் யாரும் சொல்வதில்லை.

படம் முழுவதும் நிற்பது இந்த ஒரு முடிச்சில்தான். தான் குள்ளமாக இருப்பதால் ஒதுக்கிவிட்டார்கள் போல என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அடுத்த முறை வேறு தொழில் சொல்லிப் பார்க்கிறான், இன்னொருவனுடைய சீட்டை எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறான், எல்லாம் பிடிபடுகிறது. வெளியே வரிசையில் நிற்கும் அனபெல்லின் அப்பா “வா, நீயும் நில்” என்று கூப்பிடும்போது தலையை ஆட்டிவிட்டு நகர்கிறான். அவர்கள் வீட்டுக்குப் போய், இவன் வரிசையில்கூட நிற்கவில்லை என்று சொல்கிறார்கள். சீருடை போடும்வரை என்னிடம் பேசாதே என்று அவள் போய்விடுகிறாள். ஒரு சொல் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும் தப்பெண்ணம். ஆனால் இதற்குப் பின் ஒரு மணி நேரம் நாம் பார்ப்பதெல்லாம், அந்த அதிகாரிகளின் கணக்கு எவ்வளவு சரி என்பதற்கான சாட்சி. இவன் வெல்வது வீரத்தால் இல்லை. எஞ்சினின் ஒவ்வொரு திருகும் தெரிந்த கைவேலைக்காரன் என்பதால் வெல்கிறான். பயந்தாங்கொள்ளி ஒருவன் திடீரென்று சூரனாகிவிடும் வழக்கமான நகைச்சுவைக் கதையிலிருந்து இந்தப் படம் விலகி நிற்பது இங்கேதான். ஜானி முதலிலிருந்தே கெட்டிக்காரன். அது தெரியாதவர்கள் மற்றவர்கள்தான்.

அனபெல் போனபின் வரும் ஷாட்டைத் தவறவிடக் கூடாது. ஜானி மனம் உடைந்து எஞ்சினின் பெரிய சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டின் மேல் உட்காருகிறான். எஞ்சின் மெல்ல நகர்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற, தண்டு மேலேறிக் கீழிறங்குகிறது. உட்கார்ந்தபடியே அவனும் ஏறி இறங்குகிறான். தான் நகர்வதே அவனுக்குத் தெரியவில்லை. கொட்டகைக்குள் எஞ்சின் நுழையும் கணத்தில்தான் திடுக்கிடுகிறான். சில விநாடிகள்தான் ஓடும். நீராவி எஞ்சின் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது வயிற்றைக் கலக்கும் காட்சி. நிற்கும் எஞ்சினுக்கு நீராவியைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால் சக்கரம் தண்டவாளத்தில் பிடி கிடைக்காமல் வழுக்கி, நின்ற இடத்திலேயே வேகமாகச் சுழலும். தண்டின் மேல் உட்கார்ந்திருப்பவனைத் தூக்கி எறிய அந்த ஒரு சுழற்சி போதும். அதனால் எஞ்சினை உள்ளிருந்து இயக்கியவரின் கைப்பதத்தில்தான் அந்த ஷாட் முழுக்க நிற்கிறது. தந்திரக் காட்சி எதுவும் இல்லை. உட்கார்ந்திருப்பவன் கீட்டனேதான்.

இந்தப் படத்தின் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடையும் அதுவே. அடிதடி நகைச்சுவையில் பெரும்பாலும் பொருள்களுக்கு எடை இருப்பதில்லை. மரக்கட்டை தலையில் விழும், ஆள் எழுந்து நடப்பான். இங்கே எல்லாப் பொருளுக்கும் எடை உண்டு. எஞ்சின் உடனே நிற்காது. பெட்டி சரிவில் தானாக உருளும். விறகு தீர்ந்தால் நீராவி குறையும். இந்த விதிகளை மீறி ஒரு நகைச்சுவைகூட வராது. அதனால் குழந்தைகளுக்கும் என்ன நடக்கப்போகிறது என்பது ஜானிக்கு முன்பே தெரிந்துவிடும். “பின்னாடி பாரு, பின்னாடி பாரு” என்று திரையைப் பார்த்துக் கத்துவார்கள். அவன் மட்டும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பான்.

துரத்தல் தொடங்குவது ஓராண்டு கழித்து. பிக் ஷாண்டி என்ற நிலையத்தில் சாப்பாட்டுக்காக ரயில் நிற்கிறது. எல்லோரும் இறங்கிப் போன நேரத்தில் வடக்குப் படையின் ஒற்றர்கள் எஞ்சினைக் கடத்துகிறார்கள். பெட்டியில் சாமானைத் தேடப் போன அனபெல்லும் மாட்டிக்கொள்கிறாள். ஜானிக்கு அவள் உள்ளே இருப்பது தெரியாது. அவன் ஓடுவது எஞ்சினுக்காக. முதலில் காலால் ஓடுகிறான், பிறகு தண்டவாளத்தில் கையால் தள்ளி ஓட்டும் டிராலி, பிறகு பழங்காலத்து சைக்கிள், கடைசியில் ‘டெக்சாஸ்’ என்ற இன்னொரு எஞ்சின். படை வீரர்களை ஏற்றிக்கொண்டு சீறிக் கிளம்புகிறான். வீரர்கள் ஏறிய பெட்டியை எஞ்சினோடு மாட்டவில்லை. அவன் திரும்பிப் பார்க்கும்போது தனியாக வெகுதூரம் வந்திருக்கிறான்.

பீரங்கிக் காட்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நகைச்சுவை எழுத நினைப்பவர்கள் பாடமாகவே படிக்கத்தக்க கட்டுமானம் அதில் இருக்கிறது. வழியில் கிடைத்த சிறிய பீரங்கி வண்டியை ஜானி தன் எஞ்சினுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறான். முதல் முறை வெடிமருந்தைச் சிட்டிகை அளவு போடுகிறான். குண்டு சோம்பலாக ஒரு வளைவு வளைந்து, அவன் நிற்கும் எஞ்சின் அறைக்குள்ளேயே வந்து விழுகிறது. அதை உருட்டிக் கீழே தள்ளுகிறான். சற்றுத் தள்ளிப் போனதும் வெடிக்கிறது. இதில் பார்ப்பவர்கள் இரண்டு விஷயம் கற்றுக்கொள்கிறார்கள்: மருந்து குறைந்தால் குண்டு போகாது, குண்டு நிஜமாகவே வெடிக்கும். இரண்டாம் முறை டப்பாவை அப்படியே கவிழ்க்கிறான். திரியைப் பற்ற வைத்துவிட்டு முன்னால் போகும்போது வண்டியின் இணைப்பில் கால் மாட்டுகிறது. விடுவித்துக்கொண்டு போய்விடுகிறான். ஆனால் இணைப்பு கீழே விழுந்து, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்காகக் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளில் தட்டித் தட்டி இழுபடுகிறது. அந்த அதிர்ச்சியில் மேல்நோக்கி இருந்த பீரங்கிக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து நேராக அவனைப் பார்க்கிறது.

இனி அவனுக்குப் போக இடமில்லை. விறகுக் குவியல் மேல் ஏறி ஒரு கட்டையைப் பீரங்கி மேல் எறிகிறான், பலனில்லை. எஞ்சினின் மூக்குவரை ஓடிப்போய் முன்புறச் சரிவுத் தடுப்பில் ஒண்டிக்கொள்கிறான். திரி எரிந்து முடியும் அந்தக் கணத்தில் தண்டவாளம் வளைகிறது. எஞ்சின் வளைவில் திரும்ப, இன்னும் நேர்ப்பாதையில் இருக்கும் பீரங்கியின் குறி எஞ்சினை விட்டு விலகி, தூரத்தில் ஓடும் எதிரி ரயில்மேல் விழுகிறது. குண்டு அதன் அருகே வெடிக்கிறது. எதிரிகளோ பின்னால் பெரிய படையே வருவதாக நினைத்துவிடுகிறார்கள். அளவு, கோணம், வளைவு என்ற மூன்றையும் தனித்தனியாக நமக்குக் காட்டிவிட்டு, கடைசியில் ஒன்றாக முடிச்சுப் போடுகிறார்கள். தற்செயல் என்று தோன்றாததற்கு அதுதான் காரணம்.

இன்னொன்று ஸ்லீப்பர் கட்டைக் காட்சி. எதிரிகள் தண்டவாளத்தின் குறுக்கே கட்டைகளைப் போட்டுக்கொண்டே போகிறார்கள். ஜானி இறங்கி ஓடிப்போய் ஒரு கட்டையைத் தூக்குகிறான். அதற்குள் எஞ்சின் வந்து அவனைக் கட்டையோடு வாரி முன்புறத் தடுப்பில் உட்கார வைத்துவிடுகிறது. மடியில் கனமான கட்டை. எதிரே தண்டவாளத்தில் இன்னொரு கட்டை. இறங்க நேரமில்லை. மடியில் இருப்பதைத் தூக்கி, கிடக்கும் கட்டையின் ஒரு முனையில் படுமாறு எறிகிறான். தண்டவாளத்தையே அச்சாகக் கொண்டு அது நெம்புகோல் போல எகிறி விலகுகிறது, எறிந்த கட்டையும் சேர்ந்து போகிறது. ஒரே வீச்சில் இரண்டும் ஒழிந்தன. கட்டை முனையில் படாமல் நடுவில் விழுந்திருந்தால் எகிறாது. வண்டி தடம் புரளும், முன்னால் உட்கார்ந்திருப்பவன் அடியில் போவான். இது ஓடும் எஞ்சினில் எடுத்தது.

பெட்டிக் காட்சியில் சிரிப்பு வேறு மாதிரி. ஒற்றர்கள் தங்கள் கடைசிப் பெட்டியைக் கழற்றி ஜானியின் வழியில் விடுகிறார்கள். அவன் அதைத் தள்ளிக்கொண்டே போய், தடம் பிரியும் இடத்திலுள்ள பாயின்ட்டை மாற்றிப் பக்கத்துத் தடத்தில் அனுப்பிவிடுகிறான். தொழில் தெரிந்தவன் செய்யும் வேலை. ஆனால் அந்தப் பக்கத்துத் தடம் சற்றுத் தள்ளி மறுபடியும் முதன்மைத் தடத்தோடு சேர்கிறது. அவன் வேறு பக்கம் பார்க்கும்போது பெட்டி உருண்டு வந்து மீண்டும் எதிரே நிற்கிறது. இன்னொரு முறை அவன் முகம் திருப்பியபோது தடத்தில் கிடந்த கட்டையில் மோதிப் பெட்டி கவிழ்ந்து காணாமல் போகிறது. முன்னால் திரும்பிப் பார்க்கிறான், பெட்டி இல்லை. கண்ணைச் சிமிட்டுகிறான். கீட்டன் தன் புகழ்பெற்ற படங்களில் சிரிக்காத முகத்தோடு வருபவர் என்பது உலகறிந்த விஷயம். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை என்பவர்கள் இந்த ஒரு சிமிட்டலைப் பார்க்க வேண்டும். குழப்பம், தன் கண்ணின்மேல் சந்தேகம், சரி போகட்டும் வேலையைப் பார்ப்போம் என்ற முடிவு எல்லாம் அதற்குள் வந்து போகின்றன.

சக்கரம் வழுக்கும்போது ஜானி இறங்கித் தண்டவாளத்தில் மண்ணை அள்ளிப் போடுவதையும் கவனியுங்கள். நீராவி எஞ்சின்களில் இதற்கென்றே மணல் பெட்டி உண்டு. ஈரமோ எண்ணெயோ பட்ட தண்டவாளத்தில் சக்கரத்துக்குப் பிடி கொடுப்பது மணல்தான். மண் வேலை செய்கிறது, சக்கரம் பிடித்துக்கொள்கிறது, அவனை விட்டுவிட்டு எஞ்சின் கிளம்பிவிடுகிறது. தீர்வே அடுத்த சிக்கலாகும் இந்த முறைதான் படத்தின் இயல்பான நடை.

பாதிப் படத்தில் வரும் விறகு வெட்டும் காட்சியும் அப்படியே. ஜானி குனிந்து விறகை வெட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் அவனுடைய சொந்தப் படை முழுவதும் பின்வாங்கி ஓடுகிறது. அதைத் தொடர்ந்து எதிரிப் படை முழுவதும் முன்னேறி வருகிறது. நூற்றுக்கணக்கான ஆட்கள், குதிரைகள். இவன் கோடரியை விட்டுக் கண் எடுப்பதில்லை. நிமிரும்போது எதிரி நாட்டுக்குள் தன்னந்தனியாக இருக்கிறான். இந்தக் காட்சிகளுக்கு ஒரேகன் மாநில தேசியக் காவல் படையினர் சுமார் 500 பேரைப் பயன்படுத்தினார்கள். ஒரே ஆட்களே ஒரு சீருடையில் ஒரு பக்கம் ஓடி, மறு சீருடை மாற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடினார்கள்.

அதன்பின் வேகம் கொஞ்சம் தணிகிறது. மழை, காடு, எதிரி அதிகாரிகள் கூடும் வீடு, சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஜானி. மேசை விரிப்பில் சுருட்டுப் பட்டு ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் அனபெல் அங்கே சிறைப்பட்டிருப்பதை அவன் முதல்முறை பார்க்கிறான். அவளை மீட்டுக் காட்டுக்குள் ஓடும்போது வரும் கரடியும் பொறியும் சுமாரான பகுதி. சின்னக் குழந்தைகள் அதற்கும் சிரிப்பார்கள். பெரியவர்கள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகலாம்.

மறுநாள் ஜெனரல் எஞ்சினைத் திரும்பத் திருடிக்கொண்டு தெற்கே கிளம்பியதும் படம் மீண்டும் சூடு பிடிக்கிறது. முதல் பாதியில் துரத்தியவன் இப்போது துரத்தப்படுகிறான். அப்போது எதிரிகள் அவனுக்குச் செய்ததையெல்லாம் இப்போது அவன் அவர்களுக்குச் செய்கிறான். பெட்டியைக் கழற்றி விடுகிறான், தடத்தில் கட்டை போடுகிறான், தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிறான். முதல் பாதியில் எது எங்கே இருந்தது என்று நினைவில் வைத்திருந்தால் இரண்டாம் பாதியில் சிரிப்பு இரட்டிப்பு. குழந்தைகளிடம் முன்கூட்டியே “பாலம் எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

திரும்பும் பயணத்தின் உயிர் அனபெல். எதிரி நெருங்கும்போது அவள் துடைப்பம் எடுத்து எஞ்சின் அறையைப் பெருக்குகிறாள். ஓட்டை விழுந்த விறகைச் சரியில்லை என்று வெளியே எறிகிறாள். சின்னக் குச்சியைப் பொறுக்கி அடுப்பில் போடுகிறாள். ஜானி பொறுமையிழந்து இன்னும் சின்னக் குச்சியை நீட்ட, அதையும் போடுகிறாள். அவன் ஒரு கணம் அவள் கழுத்தைப் பிடித்து உலுக்கி, அடுத்த கணமே முத்தமிடுகிறான். அந்த உலுக்கலை இன்று குழந்தைகளோடு பார்க்கும்போது யாரும் சும்மா கடந்துவிட முடியாது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். அதே சமயம் படம் அவளை வெறும் பேதையாக விட்டுவிடவில்லை. இரண்டு மரங்களுக்கு இடையே அவள் கட்டிய கயிற்றைப் பார்த்து ஜானி தலையில் அடித்துக்கொள்கிறான். ஆனால் அது எதிரி எஞ்சினை நன்றாகவே சிக்க வைக்கிறது. பெட்டிகளை இணைக்கும் ஊசியைக் கழற்றுவதும் அவளே, அதுவும் சாக்குக்குள் இருந்துகொண்டு.

பாலம் விழும் காட்சியைச் சின்னக் கைப்பேசியில் பார்க்காதீர்கள். எரியும் பாலத்தின்மேல் டெக்சாஸ் எஞ்சின் ஏறுகிறது, பாலம் நடுவில் முறிகிறது, எஞ்சின் ஆற்றில் விழுகிறது. பொம்மை எஞ்சின் இல்லை. ஒரேகனில் காட்டேஜ் குரோவ் அருகே ரோ ஆற்றின்மேல் கட்டிய நிஜப் பாலம், நிஜ எஞ்சின். 1926 ஜூலை 23 அன்று ஆறு கேமராக்களை வைத்து ஒரே முறை எடுத்தார்கள். உள்ளே ஓட்டுநர் இடத்தில் இருந்தது பொம்மை மனிதன். செலவு 42,000 டாலர். பேசாப்பட யுகத்தில் ஒரே ஷாட்டுக்கு ஆன அதிகச் செலவு என்று திரைப்பட வரலாற்றாளர்கள் சொல்வதுண்டு. எஞ்சினை எடுக்கவே இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பழைய இரும்புக்காகத் தூக்கும்வரை ஆற்றிலேயே கிடந்தது. இதையெல்லாம்விடச் சிரிப்பு அடுத்த நொடியில் இருக்கிறது. பாலம் தாங்கும், போ என்று உத்தரவிட்ட வடக்குப் படை அதிகாரியின் முகத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றுமே பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடைசிப் போர்க்களம்தான் படத்தில் பலவீனம். வாளின் அலகு பிடியிலிருந்து கழன்று பறந்துபோய் ஒளிந்திருந்த எதிரியைக் குத்துகிறது. பீரங்கி செங்குத்தாகச் சுட்டு, குண்டு அணையில் விழுந்து வெள்ளம் வருகிறது. கட்டுமானம் அதே கணக்குச் சுத்தம். ஆனால் ஜானியின் பக்கத்தில் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகச் சுடப்பட்டு விழும்போது சிரிப்பு தொண்டையிலேயே நிற்கிறது. ரத்தம் காட்டப்படுவதில்லை. இருந்தாலும் ஐந்து ஆறு வயதுக் குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இந்த ஐந்தாறு நிமிடங்களுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

இதைவிட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது. ஜானி சேரத் துடிப்பது தெற்குக் கூட்டமைப்பின் படையில். அது அடிமைமுறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன மாநிலங்களின் படை. படத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. உண்மை நிகழ்ச்சி 1862 ஏப்ரல் 12 அன்று நடந்தது. ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தலைமையில் வடக்குப் படையினர் ஜெனரல் எஞ்சினைக் கடத்தினார்கள். தந்திக் கம்பிகளை அறுத்து, தண்டவாளத்தையும் பாலங்களையும் சிதைத்து ரயில் போக்குவரத்தை முடக்குவது திட்டம். ரயிலின் கண்டக்டர் வில்லியம் ஃபுல்லர் முதலில் காலால் ஓடி, பிறகு கை டிராலியில், பிறகு வெவ்வேறு எஞ்சின்களில், கடைசியாக டெக்சாஸைப் பின்னோக்கி ஓட்டித் துரத்தினார். ரிங்கோல்ட் ஊருக்கு வடக்கே விறகும் நீராவியும் தீர்ந்து ஜெனரல் நின்றது. ஆண்ட்ரூஸ் உட்பட எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவப் பதக்கத்தின் முதல் பெறுநர்கள் அந்தக் கடத்தல் குழுவினரே. ஆக வரலாற்றில் வீரர்களாக மதிக்கப்பட்டவர்கள் படத்தில் வில்லன்கள். தோற்ற தெற்கை வில்லனாக்கினால் பார்வையாளர்கள் ஏற்க மாட்டார்கள் என்பது கீட்டனின் கணக்கு. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் படம் முடிந்ததும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னால் படத்தின் ருசி குறையாது. சொல்லாவிட்டால் தப்பான பக்கத்துக்குக் கைதட்டியது அவர்களுக்குத் தெரியாமலே போகும்.

எஞ்சின்களில் விருப்பமுள்ளவர்களுக்கு ஒரு செய்தி: அந்த இரண்டு அசல் எஞ்சின்களும் இன்றும் இருக்கின்றன. ஜெனரல், ஜார்ஜியாவின் கென்னசா ஊர் அருங்காட்சியகத்தில். டெக்சாஸ், அட்லாண்டாவில். படத்தில் ஓடுபவை அவையல்ல. அந்தக் காலத்து எஞ்சின்போலத் தோற்றம் மாற்றப்பட்ட வேறு பழைய எஞ்சின்கள். மர வியாபாரத்துக்காகப் போட்ட குறுகிய தூர ரயில் பாதைகள் காட்டேஜ் குரோவில் இருந்ததால்தான் படப்பிடிப்பு ஜார்ஜியாவை விட்டு அவ்வளவு தூரம் போனது. இணையாக ஓடிய தடத்தில் கேமராவை ஏற்றி, ஓடும் எஞ்சினைப் பக்கவாட்டில் அதே வேகத்தில் தொடர்ந்து எடுத்திருக்கிறார்கள். ஒளிப்பதிவு டெவ் ஜென்னிங்ஸும் பெர்ட் ஹெய்ன்ஸும். இன்று பார்த்தாலும் படம் பழசாகத் தெரியாததற்குப் பாதிக் காரணம் அந்தக் குலுங்காத, நிதானமான பக்கவாட்டு ஷாட்கள். வெட்டி வெட்டி ஒட்டாமல் ஆள், எஞ்சின், ஆபத்து மூன்றையும் ஒரே சட்டத்தில் காட்டுகின்றன.

அப்படி இருந்தும் வெளிவந்த காலத்தில் படம் தோற்றது. ஏறக்குறைய ஏழரை லட்சம் டாலர் செலவு. அமெரிக்க வசூல் அதை எட்டவில்லை. விமர்சகர்களும் ஆதரிக்கவில்லை. 1928இல் கீட்டன் தன் சொந்த ஸ்டுடியோச் சுதந்திரத்தை இழந்து எம்ஜிஎம் நிறுவனத்துக்குப் போனார். மதிப்பு திரும்பப் பல பத்தாண்டுகள் ஆயின. 1989இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவகம் பாதுகாக்கத் தேர்ந்தெடுத்த முதல் தொகுதியிலேயே ‘தி ஜெனரல்’ இடம்பெற்றது.

பார்க்கும் முறை பற்றி. படம் பொதுச் சொத்தாகிவிட்டதால் இணையத்தில் எக்கச்சக்கமான பிரதிகள் கிடைக்கின்றன, பெரும்பாலானவை மோசம். மங்கலான பிரதியில் தூரத்து எதிரி ரயில் புகையோடு கலந்துவிடும். அப்போது பீரங்கிக் காட்சியில் குறி எங்கே போகிறது என்றே தெரியாது, பாதி நகைச்சுவை போய்விடும். கூர்மையாகச் சீரமைத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். திறந்து பத்து விநாடி பாருங்கள். ஆட்கள் எறும்பு ஊர்வதுபோலத் துறுதுறுவென்று நடந்தால் வேகம் தவறான பிரதி, விட்டுவிடுங்கள். கீட்டனின் நேரக்கணக்கு அந்த வேகத்தில் சிதறிவிடும்.

இசையும் பிரதிக்குப் பிரதி மாறும், பேசாப்படத்துக்கு ஒரே நிரந்தர இசை கிடையாது. கார்ல் டேவிஸ் அமைத்த வாத்தியக்குழு இசை போர்க்காலப் பாடல்களின் சாயலோடு ரயிலின் தாளத்தைப் பிடித்து ஓடும், முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதுவே பொருத்தம். ஜப்பானிய இசையமைப்பாளர் ஜோ ஹிசைஷி 2004இல் அமைத்தது இன்னும் இளக்கமானது, காதல் பகுதிகளில் அழகு. ஏதோ ஒரு பியானோவைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருக்கும் மலிவுப் பிரதிகளில் அரை மணி நேரத்தில் தலை வலிக்கும்.

காட்சிகளுக்கு நடுவே கதையைச் சொல்லும் எழுத்துப் பலகைகள் ஆங்கிலத்தில் வரும். எண்ணிக்கை குறைவு, வாக்கியங்களும் சின்னவை. யாராவது ஒருவர் அவற்றைத் தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தால் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தையும் தொடர்ந்துவிடும். முதல் பதினைந்து நிமிடம் மட்டும் மெதுவாகப் போகும், ஆள்சேர்ப்புக் காட்சியை விளக்கிச் சொல்லிவிடுங்கள். “அவனை ஏன் சேர்க்கவில்லை என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது” என்ற ஒரு வாக்கியம் போதும். எஞ்சின் திருடு போன பிறகு விளக்கம் எதுவும் வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு குழந்தைகளைச் சிரிக்க விடுங்கள். ஏழு வயதிலிருந்து யாருக்கும் இதைத் தயங்காமல் காட்டலாம். பிடித்துப்போனால் அடுத்ததாக 1928இல் வந்த ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’. அதில் புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாகச் சாய்ந்து கீட்டன்மேல் விழும். மாடி ஜன்னலின் திறப்புக்குள் அவர் நின்ற இடம் சரியாகப் பொருந்துவதால் ஒரு கீறலும் இல்லாமல் நிற்பார்.